ஈரம் குடிக்காத முகம்

"அசையக் கூடாது. சிரிக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு வாயே திறக்கக் கூடாது."

முதல் இரண்டையும் கொசு பொறுத்துக்கொண்டான். மூன்றாவதுதான் அவன் உயிரை வாங்கியது. காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயரே வந்தது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பியூட்டி பார்லரின் சாய்வு நாற்காலியில், கழுத்து வரை போர்வையும் முகத்தில் சொட்டச் சொட்ட நனைந்த துணி மாஸ்க்குமாக மல்லாந்து கிடப்போம் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணுக்கு விட்டிருந்த ஓட்டைகளிலும் ஈரப் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள்.

"கண்ணுக்குப் பஞ்சு வெச்சிட்டீங்க. அப்படியே மூக்குக்கும் வெச்சிட்டா வேலை ஒரேயடியா முடிஞ்சிடும்ல?" என்றான்.

"பேசாதீங்கன்னு இப்பதான் சொன்னேன்," என்றாள் பார்லர் நடத்தும் பெண்.

"விடும்மா. இவன் செத்தாலும் வாய் ரெண்டு நாள் கழிச்சுத்தான் அடங்கும்," என்றாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா.

அக்கா என்றால் கொசுவின் கூடப்பிறந்த அக்கா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். அந்த ஆபீஸின் மொத்தச் சொத்து இரண்டு மேசை, ஒரு ஃபேன், ஒரு கொசு.

அன்று காலை ஆபீஸைத் திறந்ததுமே ஒரு கெமிஸ்ட் வந்து நின்றாள். இந்தப் பார்லரின் பின் அறையில்தான் அவள் முகத்துக்கான சீரம் கலக்கிறாள். முன்பக்கம் பார்லரை நடத்துவது அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. அண்ணி கலப்பாள், நாத்தனார் ஊரார் முகத்தில் பூசுவாள். இருவருக்கும் இடையில் இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன உரசல்கூட வந்ததில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். பிடித்துப்போனால் இவர்கள் சீரம் அவருடைய எல்லாக் கடைகளிலும் ஏறும். அந்த மனிதருக்கோ எண்ணெய் வழியும் முகம். டெமோவை என் மூஞ்சியிலேயே செய்து காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எண்ணெய்ப் பசை முகத்துக்கென்று பல தடவை கலந்து, பல தடவை சாக்கடையில் கொட்டி, கடைசியில் ஒரே ஒரு நீலப் பாட்டில் அளவுக்குத் தேறியிருந்தது. நேற்று சாயங்காலம் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து காணாமல் போய்விட்டது.

"நேத்து நாலு பேருக்கு மாஸ்க் போட்டுச் சோதனை பண்ணினோம்," என்றாள் கெமிஸ்ட். "வறண்ட முகம் ஒண்ணு, பசை ஒண்ணு, கலவை ஒண்ணு, சென்சிடிவ் ஒண்ணு. நான் வெளிய போன்ல பேசிட்டிருந்தேன். திரும்பி வந்து பாத்தா பசையக் காணோம். யாராவது எழுந்தாங்களான்னு நாத்தனார்கிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். நான் இங்கயேதான் இருந்தேன், நாலு பேரும் அசையலங்கறா."

"பசை இருக்கற எடத்துலதானே மேடம் திருட்டுப் போகும்," என்றான் கொசு. "நேத்து வந்த பசை மூஞ்சிக்காரர் யாரு?"

"பேங்க் ஆபீசர்."

"பேருக்கேத்த பசை. மத்த மூணு பேரு?"

"வறண்ட முகம் தண்ணி லாரி வெச்சிருக்கறவர். கலவை பால்காரர். சென்சிடிவ் ஒரு டீச்சர்."

தண்ணீர் லாரிக்காரருக்கு வறட்சி, பால்காரருக்குக் கலவை. இந்த இடத்தில் கொசு சொல்ல நினைத்ததை அக்கா ஒரே முறைப்பில் தடுத்துவிட்டாள்.

"வீட்டுல வேற ஆளு?" என்று கேட்டாள் அக்கா.

"என் வீட்டுக்காரர். மெக்கானிக். முன் ரூம்ல பெட்டி அடுக்கிட்டிருந்தார். அவருக்கு சீரத்துக்கும் செயின் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்கிட்ட பாட்டில் போனதையே சொல்லல. தங்கச்சின்னா அவருக்கு உயிரு." கெமிஸ்ட் மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் திருடனெல்லாம் வேணாங்க. அவ எடுக்கலன்னு சொல்லுங்க, போதும். எடுத்தான்னா அதையாவது சொல்லிடுங்க. தெரியாம அவ மூஞ்சியப் பாத்து ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க முடியல. ஆனா நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரியவே கூடாது."

அதனால்தான் அக்காவும் கொசுவும் வாடிக்கையாளர் வேஷத்தில் வந்திருந்தார்கள். நுழையும்போதே முன் அறையில் மெக்கானிக் தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நேற்று ஒட்டிய லேபிள்களில் பாதி தரையில் கிடந்தன. மட்டக் காகிதத்தில் அச்சடித்துத் தலையில் கட்டிவிட்டான் என்று அச்சகக்காரனைத் திட்டியபடி டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர், எப்படி இருக்கிறது பாருங்கள் என்று ஒரு பெட்டியை அக்காவிடம் நீட்டினார். அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. நகைக்கடையில் மோதிரம் பார்க்கிறவள் போல அவர் கையையே பார்த்தாள். பிறகு கொசுவின் நெற்றியிலும் மூக்கிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றியெடுத்த நாத்தனார், இந்த எண்ணெயைச் சைக்கிள் செயினுக்கே போடலாம் போலிருக்கிறதே என்றாள். கன்னம் மட்டும் காய்ந்து கிடந்ததால் அவனுக்குக் கலவை என்று தீர்ப்பானது.

இப்போது மாஸ்க்குக்கு அடியில் கொசுவுக்கு உலகமே குளுகுளுவென்று இருட்டாக இருந்தது. நாத்தனாருக்கு ஏதோ போன் வந்தது. செருப்புச் சத்தம் வெளியே போனது. அதன் பிறகு ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"டேய்," என்றது அக்காவின் குரல். "நான் இப்ப எங்க இருந்தேன்?"

"ஸ்டூல்லதான். வேற எங்க?"

"பின் ரூமுக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிட்டு வந்திருக்கேன்."

"எப்ப?"

"அதைத்தான் சொல்றேன். மாஸ்க் போட்ட நாலு பேரும் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். சாட்சின்னா நாத்தனார் ஒருத்திதான்."

நேரம் முடிந்ததும் நாத்தனார் மாஸ்க்கை உரித்தாள். முகத்தின் ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டு சீரம் விட்டுத் தட்டித் தட்டி இறக்கினாள். காய்ந்த முகத்தில் போட்டால் அது உள்ளே இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும் என்றாள். கண்ணாடியைப் பார்த்த கொசுவுக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து நாள் தூங்கி எழுந்த மாதிரி இருந்தான். உரித்த மாஸ்க்கை நாத்தனார் குப்பையில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்ததை அக்கா கவனித்தாள்.

லேபைச் சுற்றிக் காட்டுகிறேன் என்ற சாக்கில் கெமிஸ்ட் அவர்களைப் பின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஃப்ரிட்ஜில் வறட்சி, கலவை, சென்சி என்று சின்னச் சின்னச் சீட்டு ஒட்டிய மூன்று பாட்டில்கள் இருந்தன. நாலாவதின் இடம் காலியாக இருந்தது.

"யூஸ் பண்ணின மாஸ்க்கை எதுக்கு எடுத்து வைக்கறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எடை போடத்தான். போடறதுக்கு முன்னாடி ஒரு எடை, உரிச்சப்புறம் ஒரு எடை. எவ்வளவு குறையுதோ அவ்வளவு அந்த முகம் குடிச்சிருக்குன்னு கணக்கு. நேத்து எனக்கிருந்த கலவரத்துல எடை போடவே இல்ல."

நேற்றைய நாலு பைகளும் தட்டில் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக வெளியிலிருந்தே அழுத்திப் பார்த்தாள். டீச்சருடையதில் லேசான ஈரம். பால்காரருடையதும் அப்படித்தான். பேங்க் ஆபீசருடையதில் கொஞ்சம் கூடுதல். வறட்சி என்று எழுதியிருந்த பையை அழுத்தியதும் உள்ளே குளம் மாதிரி தண்ணீர் தேங்கியது.

"பாத்தியாக்கா?" என்றான் கொசு. "நாள் முழுக்கத் தண்ணி லாரியிலயே இருக்கறவரு. தண்ணியப் பாத்தாலே முகத்துக்குச் சலிப்பு."

"காஞ்ச தரை தண்ணிய வேணாம்னு சொல்லுமாடா? இந்த நாலுலயும் அதிகம் குடிச்சிருக்க வேண்டியது வறண்ட முகம்தான். இது ஒரு சொட்டுகூடக் குடிக்கல."

"சொட்டுகூடக் குடிக்காத முகம் எங்க இருக்கு?"

அக்கா அலமாரியைக் காட்டினாள். முடி வெட்டப் பழகுவதற்கான பொம்மைத் தலைகள் மூன்று வரிசையாக இருந்தன. இரண்டின் மூஞ்சியில் தூசி. மூன்றாவது, கல்யாண வரவேற்புக்குக் கிளம்பியது போலப் பளபளவென்று இருந்தது. நெற்றி முடி பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கெமிஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப லாரிக்காரர் எழுந்து போயிருக்கார். பொம்மைய வெச்சு, தலையணைய அடுக்கிப் போத்திவிட்டது யாரு? பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னது..."

"அஞ்சு மணிக்கு முன்னாடி வர்றோம்," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க."

தண்ணீர் லாரி ஷெட் இரண்டு தெரு தள்ளி இருந்தது. லாரிக்காரர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தொடாத ஆள். முகம் மட்டும் மழை கண்டு பல வருஷம் ஆன ஏரி மாதிரி இருந்தது.

"நேத்து நாற்காலியில படுத்திருந்தது நீங்க இல்ல, ஒரு பொம்மை," என்று அக்கா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

"யார் சொன்னது?"

"உங்க மாஸ்க். இன்னும் சொட்டிட்டிருக்கு."

லாரிக்காரர் காற்றுக் குழாயைக் கீழே வைத்தார். "மாடியில இருந்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"தனியா இருந்ததுக்கு எதுக்கு சார் காது இப்படிச் செவக்குது?" என்றான் கொசு.

லாரிக்காரர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதோடு அவருடைய வீரம் முடிந்தது. "அந்தப் பார்லர் நடத்தறவங்களோட பேசிட்டிருந்தேன். நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். எனக்கு மனைவி தவறிப் போயாச்சு, அவங்களுக்கு முதல் கல்யாணம் சரிப்பட்டு வரல. ரெண்டு பேரும் உட்காந்து பேச ஒரு இடம் கிடைக்கல. மாஸ்க் போட்டாதான் அந்த வீட்டுக்குள்ள வர முடியுது. வாராவாரம் போட்டுக்கறேன்."

"போட்டுக்கறீங்களா, பொம்மைக்குப் போடறீங்களா?"

"அதான் இந்த மூஞ்சி இன்னும் இப்படியே இருக்கு," என்றார் லாரிக்காரர் பரிதாபமாக.

"வீட்டுல சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான் சொல்லலாம்னேன். அவங்கதான் கேக்கல. கம்பெனிக்காரர் கையெழுத்துப் போடற வரைக்கும் வேணாம், நான் போறேன்னு தெரிஞ்சா அண்ணிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுன்னாங்க."

திரும்பி வரும்போது கொசு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசினான்.

"நாத்தனார் பொய் சொன்னது நிஜம். ஆனா திருடறதுக்காக இல்ல. அப்படித்தானேக்கா? ஆனா இதுக்கு சாட்சி யாரு, அந்தக் காது செவந்த ஆளு. அவரு நிலா கறுப்புன்னுகூட சொல்லுவார். பேங்க் ஆபீசர் எடுத்திருப்பாரோ?"

"எண்ணெய் முகம் குடிக்கற அளவுக்கு அவர் மாஸ்க் காஞ்சிருக்கு. மூணு பேருமே படுத்த இடத்துலதான் இருந்திருக்காங்க."

"அப்ப மிச்சம் யாரும் இல்ல."

"ஒருத்தர் இருக்கார். அவரை யாருமே கேக்கல."

பார்லருக்குள் நுழைந்ததும் அக்கா நேராக மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றாள். கெமிஸ்ட் பின் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"உங்க ரெண்டு கையையும் கொஞ்சம் காட்டுங்க."

மெக்கானிக் குழம்பிப்போய் நீட்டினார். இடது கை, ஆயுசு முழுக்க ஸ்பேனர் பிடித்த கை. பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கிரீஸ் குடியிருந்தது. வலது கையின் விரல்கள் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தையின் விரல்கள் மாதிரி மெத்தென்று இருந்தன.

"வலது கைக்கு என்ன போடறீங்க?"

"கிரீஸ்தான். ரெண்டுக்கும் ஒரே கிரீஸ்."

"நேத்து லேபிளை எதால ஒட்டினீங்க?"

"பசையாலதான். வேற எதால ஒட்டுவாங்க?"

"எந்தப் பசை?"

"ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தாங்களே, நீல பாட்டில். மேலயே பசைன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு."

மெக்கானிக் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கைவிட்டு அந்த நீலப் பாட்டிலை எடுத்தார். துடைத்து வைத்தது போலக் காலி. கழுத்தில் ஒரு பிரஷ் செருகியிருந்தது. எண்ணெய்ப் பசை என்று எழுத வேண்டிய சீட்டில், கெமிஸ்டின் கையெழுத்தில் வெறுமனே 'பசை' என்று இருந்தது.

"மட்டமான பசை இது," என்றார் அவர். "வழவழன்னு இழுக்குது, ஒட்ட மாட்டேங்குது. ஃப்ரிட்ஜ்ல எதுக்குப் பசைன்னு கேக்கத்தான் நெனச்சேன். நீ போன்ல இருந்த. தங்கச்சியக் கூப்பிட்டேன், அவளையும் காணோம். கெட்டுப்போகாம இருக்க வெச்சிருப்பீங்கன்னு எடுத்துக்கிட்டேன். ஏன், வேற எதுக்காவது வெச்சிருந்தீங்களா?"

கெமிஸ்ட் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் விக்கல்தான் வெளியே வந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு இனி சுருக்கமே விழாது என்று கொசு மெல்ல முணுமுணுத்தான்.

"என்ன பாட்டில்? எது காணாமப் போச்சு?"

வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். தோளில் கைப்பை, கையில் கம்பெனிக்காரருக்காக வாங்கி வந்த புதுத் துண்டு. அண்ணனையும், தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியையும், பிறகு அக்காவையும் கொசுவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்க முகத்துக்கு வந்தவங்க இல்ல," என்றாள் அக்காவிடம். அப்புறம் அண்ணியிடம் திரும்பினாள். "நீலப் பாட்டிலக் காணோம்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அண்ணி."

"கேட்டிருந்தா நேத்து எங்க இருந்தேன்னு உண்மையச் சொல்லியிருப்பியா?"

நாத்தனார் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

கெமிஸ்ட் எழுந்து நின்றாள். இதுவரை அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். "நேத்து நீ குளிக்கப் போனப்ப, உன் பைய நான்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"இந்தப் பையோட ஜிப்பை நான் பாதிக்கு மேல இழுக்கறதே இல்ல. ராத்திரி பாத்தா கடைசிப் பல்லு வரைக்கும் மூடியிருக்கு. இந்த வீட்டுல எதையும் அவ்வளவு நேர்த்தியா மூடறது நீங்க ஒருத்தர்தான்." நாத்தனாரின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "என்ன தேடினீங்கன்னுதான் தெரியல. ராத்திரி பூரா அதையே யோசிச்சிட்டுப் படுத்திருந்தேன்."

"அவ்வளவும் தெரிஞ்சுமா காலைல வந்து கடையத் திறந்த?"

"கம்பெனிக்காரர் வர்ற நாளாச்சே. வராம இருப்பேனா?"

கெமிஸ்டுக்கு வெட்கம் தாங்கவில்லை. திருட்டுப் போயிருந்தால்கூட இதைவிடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புதிதாகக் கலப்பதற்கு அளவும் தெரியும், நேரமும் இருந்தது. ஆனால் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைத் தூவ, இன்னொருவர் கை எடுக்காமல் கலக்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் கட்டி தட்டிவிடும். அதை நாத்தனாரிடம் கேட்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. கேட்கிற யோக்கியதையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு அதை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க, கை கழுவிட்டு வரேன். பொடிய நீங்க தூவுங்க, நான் கலக்கறேன்."

பாதி ஜிப் திறந்திருந்த அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கெமிஸ்ட் வாய்விட்டு அழுதாள். கொசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை நன்றாக மிதித்தாள்.